பாங் ஸ்டிக்கில் காய்ந்த சந்தனம்

1976 செப்டெம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை, காலை 10.40. நான் சொன்ன ஒரு பொய்யை இந்த நிமிடத்தில் நம்பிக்கொண்டிருப்பவர்கள் நாலு பேர். உன் அம்மா. என் முதலாளி ரெக்ஸ். முன்பு முதலை வேட்டைக்காரராக இருந்த மேர்வ். மேர்வின் அக்கா பெட்டி. ஐந்தாவதாக உன்னையும் சேர்க்க விருப்பமில்லை.

தம்பி, உனக்கு இன்று மூன்று வயதும் இரண்டு மாதமும். நீ படிக்கவேண்டிய காலத்தில் இந்தத் தாள் மஞ்சளாகியிருக்கும், உனக்கு மீசை வந்திருக்கும், என்னோடு நாலு விஷயத்தில் கோபமாகவும் இருப்பாய். எனக்கு முப்பத்தொன்று. பிள்ளைக்குப் புத்தி சொல்லிக் கடிதம் எழுதுகிற வயது இல்லை, தெரியும். ஆனால் தலை நரைக்கும்வரை பொறுத்திருந்தால் இந்தக் கதையை நான் மினுக்கிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். நான் எழுதிய அறிக்கைகளைப் படித்தவர்களுக்கு அது தெரியாது. அதனால் சூட்டோடு எழுதுகிறேன். அம்மா உன்னையும் கூட்டிக்கொண்டு ஒன்பது மணி ரெயினில் பிளக்டவுனுக்குப் போய்விட்டாள். வென்ட்வேர்த்வில்லில் இந்த வாடகை வீட்டின் குசினி மேசையில் நான் தனியே இருக்கிறேன். ஒரு மணி பத்துக்கு நீங்கள் திரும்பி வருவீர்கள். அதற்குள் முடிக்கவேண்டும்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன், அது விளங்காவிட்டால் எதுவும் விளங்காது. பாங் ஸ்டிக் என்பது ஓர் ஆள் உயரக் கம்பு. அதன் நுனியில் கைவிரல் நீளத்துக்கு ஓர் இரும்புத் தலை, அதற்குள் ஒரே ஒரு தோட்டா. விசை இழுக்கிற வேலை கிடையாது. ஈட்டி ஏறி, கயிற்றில் மாட்டி, படகுக்குப் பக்கத்தில் இழுத்து வந்த முதலையின் மண்டையில் நுனியை வைத்து அழுத்தினால் அந்த இரும்புத் தலை தன் வெளிக் குழாய்க்குள் பின்னோக்கிச் சரிந்து ஊசியில் மோதும், வெடிக்கும். அவ்வளவுதான். முதலைக்கு என்ன நடக்குமோ அதுவே படகின் தரைக்கும் நடக்கும், மனிதனின் காலுக்கும் நடக்கும். எது தன்னில் மோதுகிறது என்று அந்த இரும்பு பார்க்காது. அதைத் தடுக்க இருப்பது ஒரு சேப்டி பின். வெளியிலிருக்கும் குழாயிலும் உள்ளே சரியும் தலையிலும் நேராக ஒரு துளை போகிறது. அதற்குள் பின் நின்றால் தலை அசையாது. நின்றால்.

நான் கிரான்வில்லில் ஒரு சின்னப் பட்டறையில் வேலைசெய்கிறேன், மீன்பிடிச் சாமான், சுழியோடிகளின் சாமான் எல்லாம் திருத்துகிற இடம். கொழும்பில் தொழில்நுட்பக் கல்லூரி டிப்ளோமா வாங்கியவன் நான். இங்கே வந்த புதிதில் அந்தத் தாளைப் பார்த்து ரெக்ஸ், "கொழும்பு எங்கே இருக்கிறது, இந்தியாவிலா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு வேலையும் தந்தார். பட்டறையில் மற்ற மூன்று பேரும் கையால் தொழில் பழகியவர்கள், நான் மட்டும் வரைபடம் போடத் தெரிந்தவன். நீ பிறந்த வருடம் இந்த நாட்டின் மேற்கிலும் வடக்கிலும் முதலை வேட்டையை ஏற்கெனவே நிறுத்தியிருந்தார்கள், குயின்ஸ்லாந்தில் மட்டும் இன்னும் தடை இல்லை. அங்கே போகிற ஆட்கள் சிலர் எங்களிடம் பாங் ஸ்டிக்கைத் திருத்தக் கொடுப்பார்கள். ஆளுக்கொரு விதமாக அதைப் பாவிப்பதைப் பார்த்து ரெக்ஸ் ஒருநாள் சொன்னார்: "நீ படித்தவன். தோட்டா போடுவது எப்படி, கழுவி வைப்பது எப்படி என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடு. பெரிய வார்த்தை வேண்டாம், இவன்கள் தகரத்தில் ஒட்டியிருக்கிற லேபிளையே படிக்கமாட்டான்கள்."

நான் எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதியவற்றில் உருப்படியானது அந்த ஒரு பக்கம்தான், இன்றைக்கும் அதில் ஒரு சொல்லும் மாற்றமாட்டேன். தோட்டாவோடு பயணம் செய்யாதே, காரிலும் படகிலும் பாங் ஸ்டிக் வெறுமையாக இருக்கட்டும். முதலை கயிற்றில் மாட்டிப் பக்கத்தில் வந்த பிறகே தோட்டாவை எடு. முதலில் பின், பிறகுதான் தோட்டா. பின் உள்ளே போய்விட்டது என்று கை சொன்னால் நம்பாதே, அதன் முனை மறுபக்கத்தில் வெளியே வந்திருப்பதைக் கண்ணால் பார். நுனி எப்போதும் படகுக்கு வெளியே, தண்ணீரை நோக்கி. மற்றவர்கள் உனக்குப் பின்னால் நிற்கட்டும். பின்னைக் கழற்றுவது கடைசி வேலை, அடிக்கிற நேரம். அடிக்கவில்லையா, கம்பை உள்ளே எடுப்பதற்கு முன் பின்னைத் திரும்பப் போடு, தோட்டாவைக் கழற்று. வேலை முடிந்த அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவு, உப்பு ஒரு ராத்திரி இருந்தால் போதும், உள்ளே இருக்கிற சுருள் வில்லைத் தின்றுவிடும். துளைகளைத் தூரிகை விட்டுத் துப்புரவாக்கு. காயவிட்டு மெல்லிசாக எண்ணெய் போடு, அந்த எண்ணெய் தோட்டாவில் படக்கூடாது. நனைந்த தோட்டாவைத் திரும்பப் பாவிக்காதே. வில் சோர்ந்திருந்தால் நீயாகத் திருத்தாதே, கொண்டுவா. கடைசியாக, இன்னொருவர் கைக்குக் கொடுக்கும் முன் துளையில் பின்னை ஒருமுறை போட்டு எடுத்துக் காட்டு. அந்தக் கடைசி வரி திருத்துகிறவர்களுக்காக நான் சேர்த்தது. அதாவது எனக்காக.

படம் வரைவதற்காக, திருத்த வந்திருந்த மேர்வின் பாங் ஸ்டிக்கை அந்த வாரம் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வெறும் இரும்பு, தோட்டா ஒருபோதும் என் வீட்டுப் படி ஏறியதில்லை. அது நவராத்திரிக் காலம், நீ மூன்று மாதக் குழந்தை. அம்மாவுக்கு இங்கே ஆட்களே இல்லை. ஊர்க்காரர் என்று சொல்ல பென்டில் ஹில்லில் ஒரு குடும்பம் இருந்தது, அவர்களும் மெல்பேர்னுக்குப் போய்விட்டார்கள். ஆனாலும் அவள் ஒன்பது நாளும் விடவில்லை. கடைசி நாள் வெள்ளிக்கிழமை, சரஸ்வதி பூசையோடு ஆயுதங்களுக்கும் வைக்கவேண்டும் என்றாள். என் அடிமட்டம், கொம்பாஸ், ஸ்பானர் பெட்டி, அவளுடைய தையல் கத்தரிக்கோல் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சாமிப் படத்துக்கு முன்னால் வெள்ளைத் துணியில் அடுக்கினாள். மூலையில் சாத்தியிருந்த கம்பைக் காட்டி, "இஞ்சேருங்கோ, இதுவும் உங்கட ஆயுதம்தானே?" என்று கேட்டாள். "ஓம், வையும்." "பொட்டு எங்கை வைக்கிறது?" நான் படத்தில் அளவு எழுதிக்கொண்டிருந்தேன், நிமிரவில்லை. "எங்கையாவது வையும். இதுக்கெல்லாம் அளவு சொல்லேலுமே?"

அவள் எங்கையாவது வைக்கவில்லை. இதைக் கவனமாகப் படி. அவள் அந்த இரும்பின் வெளிக் குழாயில், பின் போகும் துளைக்கு மேலே ஒரு விரல் தள்ளி, பெருவிரல் நகத்தின் அளவில் ஒரு சந்தனப் பொட்டு வைத்து, அதன் நடுவில் குங்குமம் வைத்தாள். துளையில் படவில்லை. எனக்கு எப்படித் தெரியும்? மறுநாள் காலை அந்தப் பொட்டை நான் நன்றாகப் பார்த்தேன். வெட்கத்தோடு பார்த்த பொருள் மறக்காது.

மறுநாள் விஜயதசமி. காலையில் பூசை செய்து கற்பூரம் காட்டிய பிறகுதான் ஆயுதங்களை எடுக்கலாம். ஏழரைக்கு வாசலில் ஹோர்ன் சத்தம். மேர்வ். திங்கட்கிழமை பட்டறைக்கு வரவேண்டிய மனிதர், குயின்ஸ்லாந்து ஆற்றில் தண்ணீர் நல்லபடி இருக்கிறதாம், இன்றைக்கே வெளிக்கிடுகிறாராம். ரெக்ஸிடம் என் விலாசம் வாங்கி நேரே வந்துவிட்டார். கதவைத் திறந்தேன். ஆறடி ஆள், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "என் செல்லம் எங்கே, மேட்?" என்றார். எனக்குப் பின்னால் பத்தடியில் அவருடைய செல்லம் வெள்ளைத் துணியில், பொட்டும் பூவும் வைத்துக் கல்யாணப் பெண் மாதிரிக் கிடக்கிறது.

"ஒரு நிமிடம்" என்று கதவை முக்கால்வாசி சாத்திவிட்டு உள்ளே ஓடினேன். அம்மா தீப்பெட்டியோடு நிற்கிறாள். "இஞ்சேருங்கோ, கற்பூரம் காட்டேல்லை இன்னும். அஞ்சு நிமிசம் நிக்கச் சொல்லுங்கோ." "வெள்ளைக்காரன் வாசலிலை நிக்கிறான், நீர் கற்பூரம் காட்டிக்கொண்டு நில்லும்" என்று சொல்லிக் கம்பை இழுத்தேன், பூ சிதறியது. கராஜுக்குக் கொண்டுபோனேன். பட்டறையிலிருந்து கொண்டுவந்த நீலத் துடைதுணி ஒன்று அங்கே கிடந்தது, அதை நனைத்து அந்தப் பொட்டை அரக்கித் தேய்த்தேன். அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த சந்தனத் தூளில் ஏதோ பசை கலந்திருக்கும், காய்ந்தால் இலேசில் போகாது. தண்ணீர் பட்டதும் களியாகி இழுபட்டது. மேலிருந்து கீழாக, நுனியை நோக்கி, பலமாக, நாலைந்து தரம். மஞ்சள் நிறம் மறைந்தது. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது, நிறம் மறையவேண்டும். கொண்டுபோய்க் கொடுத்தேன். நான் எழுதிய தாளையும் கூடவே கொடுத்தேன். "இதை ஒருதரம் படியுங்கள்" என்றுகூடச் சொன்னேன். பின்னைப் போட்டு எடுத்துக் காட்டவில்லை.

மூன்று கிழமை கழித்துச் செய்தி வந்தது. ஈட்டி ஏறின முதலை கயிற்றில் திமிறியிருக்கிறது. மேர்வ் பின்னைப் போட்டு, தோட்டாவைப் போட்டு, கூட வந்த ஆளால் கயிற்றைப் பிடிக்க முடியவில்லை என்று கம்பைப் படகுக்குள்ளேயே சாத்திவிட்டுக் கயிற்றுக்குக் கை கொடுத்திருக்கிறார். பின் இருக்கிறதே என்ற நம்பிக்கை. படகு ஆடியது, கம்பு சரிந்து நுனி கீழே விழுந்தது. விழுந்த இடத்தில் அவருடைய இடது பாதம். பாதத்தின் முன்பாதி போய்விட்டது. ரத்தம் நிற்காமல் செத்திருக்கவேண்டிய ஆள், கூட இருந்தவர் பெல்ற்றைக் கழற்றி இறுக்கியதால் பிழைத்தார்.

கம்பு எங்கள் பட்டறைக்குத் திரும்பி வந்தது. ரெக்ஸ் அதை என் மேசையில் வைத்து, "ஏன் என்று கண்டுபிடி" என்றார். கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூடப் போகவில்லை. பின் வெளிக் குழாயின் துளையில் நுழைந்திருக்கிறது, உள்ளே தலையின் துளைக்குள் போகவில்லை. அந்தத் துளையில் கல்லு மாதிரி ஏதோ அடைத்துக் காய்ந்து கிடந்தது. ஒரு முள்ளால் நோண்டி வெள்ளைத் தாளில் கொட்டினேன். மஞ்சள் தூள், மணந்தது. நான் தாலி கட்டின அன்று என் நெற்றியில் மணந்த மணம். அந்தக் கட்டிக்குள் ஒரு நூல், கால் அங்குல நீளம், நீல நிறம். என் துடைதுணியின் நூல். பொட்டு வைத்த கையில் துணி இல்லை, துடைத்த கையில்தான் துணி இருந்தது. ஒரு விரல் தள்ளியிருந்த சந்தனத்தை அந்தத் துளைக்குள் அரக்கி ஏற்றியது நான். தொழில் படித்தவனுக்கு இதைவிடச் சுத்தமான சாட்சி கிடைக்காது. அந்த நூலை விரலால் எடுத்து, இரும்புச் சீவல் போடுகிற தொட்டியில் போட்டேன். யோசித்துச் செய்யவில்லை என்று எழுதத்தான் விருப்பம். யோசித்துத்தான் செய்தேன். ரெக்ஸ் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார், அவர் திரும்புவதற்குள் என்று யோசித்தேன்.

ரெக்ஸிடம் சொன்னேன்: வீட்டில் எங்கள் சமயச் சடங்கு ஒன்று நடந்தது, அதில் என் மனைவி அறியாமல் துளையில் சந்தனம் பூசிவிட்டார். "உன் பெண்சாதியைச் சாமான்களுக்குப் பக்கத்தில் விடாதே, மேட்" என்றார் ரெக்ஸ். அவ்வளவுதான். அவர் என் வேலையை எடுக்கவில்லை, என் தாளைத்தான் எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். மேர்விடமும் பெட்டியிடமும் அவரே போய்ச் சொல்லிவிட்டார். கணக்காகப் பார்த்தால் நான் பொய் சொன்னது ஒரு தரம். மற்றதெல்லாம் தானாக நடந்தது. பொய்யில் அதுதான் வசதி.

ஒரு தரம் இல்லை, இரண்டு தரம். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தேன். அம்மா உன்னை மடியில் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தாள். "அந்த மனுசன்ரை கால் போச்சுது. நீர் வைச்ச சந்தனம் ஓட்டையை அடைச்சுப்போட்டுது" என்றேன். அவள் உடனே சொன்னாள், "நான் ஓட்டையிலை வைக்கேல்லையே. தள்ளியெல்லோ வைச்சனான்." சரியாகச் சொன்னாள். அளவுகூடக் கையால் காட்டினாள், ஒரு விரல். நான் அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, அவளுடைய முகத்தைப் பார்க்காமல், "அப்ப ஆர் வைச்சது?" என்றேன். அவள் தன் விரலைப் பார்த்தாள். பிறகு, "வைச்சிருப்பனோ?" என்று என்னையே கேட்டாள். நான் முகம் கழுவப் போனேன்.

தம்பி, அந்த மனிதரின் பாதம் போனது விபத்து. அவசரம், வெட்கம், கவனக்குறைவு, எல்லாம் என்னுடையவை, ஆனாலும் விபத்து. அந்தக் கதிரையில் நடந்தது விபத்து இல்லை. சரியாக வேலைசெய்துகொண்டிருந்த ஒரு மனதின் கண்ணையும் கையையும் நான் பழுதாக்கினேன், எப்படிச் செய்கிறேன் என்று தெரிந்துகொண்டே.

அவள் என்னைப்போல ஆள் இல்லை. அழுதுவிட்டு இருந்துவிடவில்லை. மேர்வை ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் அவர் பிளக்டவுனில் அக்கா வீட்டுக்கு வந்தார் என்று கேள்விப்பட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமையே உன்னைத் தூக்கிக்கொண்டு, கையில் ஒரு பாத்திரத்தோடு ரெயின் ஏறினாள். அதுவரை தனியே ஸ்டேஷனுக்குப் போகாதவள், டிக்கெட் வாங்க இங்கிலிஷ் வராதவள். "நானும் வாறன்" என்றேன், வாய்ச் சொல்லாக. "வேண்டாம். செய்தது நான், போறது நான்" என்றாள். மூன்று வருடமாகக் கிழமை தவறாமல் போகிறாள். அங்கே போய் என்ன செய்கிறாள் என்பதை நான் அவள் சொல்லித்தான் அறிவேன். முதல் தடவை பெட்டி கதவிலேயே நிற்கவைத்திருக்கிறார். மேர்வ் உள்ளேயிருந்து, "பெட்டி, ஆளை வெளியே நிற்கவைத்துக் குழந்தையை வெயிலில் வாட்டாதே" என்று கத்தினாராம். இடியப்பத்தைப் பார்த்துவிட்டு, "இது என்ன, நூடில்ஸை யாரோ இஸ்திரி போட்டார்களா?" என்று கேட்டாராம். இப்போது அது இல்லாவிட்டால் அவருக்கு ஞாயிறு விடியாது. அவர்தான் அம்மாவுக்கு இங்கிலிஷ் படிப்பித்தார், பேப்பரில் குதிரைப் பந்தயப் பக்கத்தை வைத்துக்கொண்டு. உன் அம்மா முதலில் சரளமாக வாசித்த இங்கிலிஷ் முழுவதும் குதிரைகளின் பெயர்.

மேர்வ் நல்ல மனிதர் என்பது எனக்கு இன்னும் கஷ்டம். "நானும்தான் பின் மறுபக்கம் வந்ததா என்று பார்க்கவில்லை, உன் புருஷன் எழுதின தாளில் கொட்டை எழுத்தில் இருந்தது" என்று அம்மாவுக்குச் சொல்லுவாராம். "அடுத்த வருசம் குயின்ஸ்லாந்திலும் தடை போட்டுவிட்டான். எப்படியும் வீட்டுக்குத்தான் வந்திருப்பேன், இரண்டு பாதத்தோடு வந்திருப்பேன், அவ்வளவுதான்." அம்மா அதை எனக்குச் சொல்லிவிட்டு, "அந்த மனுசன் என்னை ஆறுதல்படுத்தப் பாக்குது" என்பாள். நான் பேப்பர் வாசிப்பேன். என் தாளைப் புகழ்ந்து அவள் கொண்டுவருகிற செய்திகளையும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

நான் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். அந்தக் காலத்தில் நமக்கு இங்கே வேரில்லை, பட்டறையில் நான் ஒருத்தன்தான் கறுவல், கைக்குழந்தை, வேலை போனால் என்ன செய்வது என்றெல்லாம் எழுதலாம். எல்லாம் உண்மை, எதுவும் காரணம் இல்லை. ரெக்ஸ் என்னைக் கலைத்திருக்கமாட்டார் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். காரணம் இரண்டு, இரண்டும் சின்னவை. ஒன்று, அந்தத் தாளை எழுதினவன் அதன் கடைசி வரியைத் தானே செய்யவில்லை என்று மற்ற மூன்று பேரும் அறிவதை என்னால் தாங்கமுடியவில்லை. படித்தவன் என்ற பெயர் ஒன்றுதான் அங்கே என்னிடம் இருந்தது. மற்றது, ஏன் துடைத்தாய் என்று யாராவது கேட்டால் நான் வெட்கப்பட்டதைச் சொல்லவேண்டிவரும். ஒரு வெள்ளைக்காரர் ஒரு பொட்டைப் பார்த்துச் சிரிப்பார் என்று பயந்தேன். மேர்வ் சிரித்திருப்பார். நிச்சயம் சிரித்திருப்பார். சிரித்து, இது என்னத்துக்கு என்று கேட்டு, அம்மா கற்பூரம் காட்டி முடியும்வரை தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றிருப்பார். இப்போது அவரை அவ்வளவுக்குத் தெரிகிறது. ஐந்து நிமிடம். நானும் அந்த ஐந்து நிமிடத்தில் பின்னைப் போட்டுப் பார்த்திருப்பேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு உரிமை குறைவு, ஆனாலும் இரண்டு விஷயம் சொல்லுகிறேன். நீ பழுது பார்க்கிற வேலைக்குப் போனாலும் சரி, ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, ஒரு நாள் உனக்கு முன்னால் ஒரு தவறு வந்து கிடக்கும். அது யாருடையது என்று உனக்கு மட்டும் தெரியும். அன்றைக்கே சொல். நல்லவனாக இருப்பதற்காகச் சொல்லவில்லை. மறுநாளைக்குச் சொன்னால் தவறோடு ஒரு நாளையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஒரு கிழமையில் அது பாரமாகிவிடும். மூன்று வருடத்தில் அதைத் தூக்க ஆள் பிடிக்கவேண்டும், நான் இந்தக் கடிதத்தில் உன்னைப் பிடிப்பதுபோல. மற்றது, வீட்டில் ஒருத்தி "நான் செய்யவில்லை" என்று சொன்னால், முதலில் அவளை நம்பு. உன்னிடம் டிப்ளோமா இருக்கலாம். அவளிடம் ஞாபகம் இருக்கிறது.

இன்றைக்கு ஏன் எழுதுகிறேன் என்பதைச் சொல்லவேண்டும். வெள்ளிக்கிழமை நவராத்திரி தொடங்குகிறது. அந்த விபத்துக்குப் பிறகு அம்மா வீட்டில் விளக்கேற்றுவதோடு சரி, பூசை இல்லை, எதற்கும் பொட்டு வைப்பதில்லை. நான் காணாதவன்போல இருந்தேன், ஒருவிதத்தில் நிம்மதியாகவும் இருந்தது, எழுதுகிறேன், மறைக்கவில்லை. ஆனால் இந்த வருடம் உனக்கு ஏடு தொடக்கவேண்டும். விஜயதசமி அன்று மடியில் இருத்தி, கையைப் பிடித்து, பச்சை அரிசியில் முதல் எழுத்து எழுதுவிக்கவேண்டும். நேற்று மத்தியானம் சாப்பிடும்போது கேட்டேன், "பிள்ளைக்கு ஏடு தொடக்கிறது என்ன மாதிரி? இங்கை ஐயரும் இல்லை. நீரே எழுதுவியுமன்."

"என்னாலை ஏலாது" என்றாள். "மெல்பேர்ன் ஆக்களைக் கேளுங்கோ. அவையிட்டைக் கொண்டுபோவம்."

"ஒரு எழுத்து எழுதுவிக்க அறுநூறு மைல் போறதே? உமக்கென்ன, எழுத்துத் தெரியாதே?"

அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுச் சொன்னாள். கோபமில்லாமல், கடையில் சாமான் இல்லை என்று சொல்வதுபோல. "என்ரை கை சரியில்லையப்பா. இந்தக் கையாலை பிள்ளைக்கு ஒண்டும் தொடக்கவேண்டாம்."

நீ பக்கத்தில் இருந்து சோறு இறைத்துக்கொண்டிருந்தாய். அவள் மற்றக் கையால் உன் வாயைத் துடைத்துவிட்டாள். நான் சாப்பிட்டு முடித்தேன், தம்பி. சாப்பிட்ட கோப்பையையும் கழுவி வைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

இப்போது மணி 12.35. நான் செய்யப்போவது இது.

1. இப்போது ஸ்டேஷனுக்கு நடந்துபோவேன். அவள் வீட்டுக்கு வந்து வேலைகளைத் தொடங்கினால் நான் நாளைக்கு என்று விட்டுவிடுவேன்.

2. வழியில் உள்ள பூங்கா வாங்கில் அவளை இருத்தி, துடைதுணியையும் நீல நூலையும் தொட்டியையும் சொல்வேன். "அப்ப ஆர் வைச்சது?" என்று கேட்டதை அவளுக்கே திரும்பச் சொல்வேன். பயந்தேன், புதுநாடு என்ற பேச்செல்லாம் எடுக்கமாட்டேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்கமாட்டேன், அது அவளுக்கு இன்னொரு வேலை.

3. நாளை காலை ஏழரைக்கு ரெக்ஸிடம், மற்ற மூன்று பேரும் இருக்கும்போதே, சரியான அறிக்கையைக் கொடுப்பேன். என் பெயரோடு, நான் துடைத்தேன் என்று. வேலை போனால் போகட்டும்.

4. அடுத்த ஞாயிறு மேர்விடமும் பெட்டியிடமும் நான் போவேன். அவள் வந்தால் அவளோடு, வராவிட்டால் தனியாக. கதவில் நிற்கவைத்தால் நிற்பேன்.

5. விஜயதசமிக்கு அரிசி வாங்கித் தட்டில் பரப்பி வைப்பேன். அவள் தொடாவிட்டால், தொடு என்று சொல்லமாட்டேன். அடுத்த வருடமும் வாங்குவேன்.

6. இந்தக் கடிதத்தை ஒட்டாமல் அவளிடம் கொடுப்பேன். உனக்குத் தருவதா, கிழிப்பதா, எத்தனை வயதில் என்பதெல்லாம் அவள் முடிவு.